பூட்டோடு வந்த நாலு

அத்தியாயம் ஒன்பது

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சக்ரதாரா வார்ப்பாலையின் வாசலைக் காத்து நின்றவனுக்கு மனித ஜாதியையே பிடிக்காது என்பது கொஞ்ச தூரத்திலிருந்தே தெரிந்தது.

"நாய் வந்தா உடலாம், டிடெக்டிவ் வந்தா உடக்கூடாதுன்னு ஆர்டர்," என்றான்.

"அப்ப என்னை உடு. எங்கக்கா என்னைக் கூப்புடறதே அப்பிடித்தான்," என்றான் இம்மானுவேல்.

செண்பகம் சிரிக்கவில்லை. பஜாரில் செல்போன் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள் அவள். வருகிற வேலையில் முக்கால்வாசி மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறதா என்று விசாரிக்கிற வேலை. கேபிள் டிவி ஒயர் இழுத்துக்கொண்டிருந்த இம்மானுவேலை உதவிக்கு வைத்துக்கொண்ட நாளிலிருந்து அவன் வாய்க்கு மூடி தேடிக்கொண்டிருக்கிறாள். இன்னும் அகப்படவில்லை.

இன்றைய வேலை அப்படிப்பட்டதல்ல. அவர்களோடு மூன்றாவதாக நின்றவள் சுகிர்தா. மீஞ்சூர்க்காரி, இம்மானுவேல் போகிற சர்ச்சுக்கே போகிறவள். அவள் புருஷன் அந்தோணி, இதே ஆலையில் உருகிய இரும்பை அச்சில் ஊற்றுகிறவன், இப்போது சென்னையில் தீக்காய வார்டில் கிடக்கிறான். புதன்கிழமை காலை இரும்புக் குழம்பு நிறைந்த பெரிய வாளியை கிரேன் தூக்கியது. பாதியில் பிரேக் நழுவியது. வாளி குலுங்கிக் கொட்டியதில் பாதி தரைக்கும் மீதி அந்தோணியின் காலுக்கும் போனது.

கிரேன் ஓட்டியவள் பூமிகா. ஊத்துக்கோட்டை பக்கத்துப் பெண். அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் நல்ல நெல்வயல் உண்டு.

"நெலம் நீச்சு வச்சிக்கினு, பொழுது போவலன்னு கிரேன் ஓட்ட வந்தவ," என்றாள் சுகிர்தா. "அவ ஜெயிலுக்குப் போவணும். அதுக்குத்தான் உங்கள இட்டாந்தேன். கம்பெனிக்காரன் அப்புறம் சமாதானம் பேசி அவள வெளிய உட்டுடுவான். நீங்க ஆதாரத்தக் கையில குடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்."

"ஆதாரம் எந்தப் பக்கம் போவுதோ, நான் அந்தப் பக்கம்தான் போவேன்மா," என்றாள் செண்பகம்.

"அது அவ பக்கம்தான் போவும்."

இம்மானுவேலும் அப்படித்தான் நம்பினான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தோணி பக்கத்தில் உட்கார்ந்து பாடியவன் அவன். காவலாளியின் அறைக்குள் பூமிகா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சாயந்திரம் போலீஸ் ஜீப் வந்து கூட்டிப் போகும் என்று உட்கார வைத்திருந்தார்கள். இம்மானுவேல் ஜன்னல் வழியே அவளை முறைத்தான். அவளும் திருப்பி முறைத்தாள். அழுத மூஞ்சியாக இருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அழவில்லை.

"உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றாள் செண்பகம் ஜன்னலருகே போய். "செவ்வாக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர்ல இன்னா போட்ட?"

"பதினொண்ணு."

"அவங்க நாலுன்னு சொல்றாங்களே?"

"அவங்ககிட்டயே கேளுங்க. நான் வாயத் தொறந்தா அதுவும் அவங்களுக்குத்தான் சாட்சி ஆவுது."  முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"திமிரப் பாருங்க," என்றாள் சுகிர்தா.

இந்த நாலு, பதினொன்று என்ன என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்கள் திண்டாட வேண்டாம். ஒவ்வொரு நாளும் வேலை முடிகிற நேரத்தில் கிரேன் ஓட்டுகிறவர் சும்மா ஒரு பாரத்தைத் தூக்கி, பிரேக்கைப் போட்டு, அதற்குப் பிறகும் கொக்கி எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளக்க வேண்டும். ஐந்துக்குள் இருந்தால் மறுநாள் ஓட்டலாம். தாண்டினால் பிரேக்கை மாற்றும் வரைக்கும் கிரேன் நின்றாக வேண்டும். கயிறு, கொக்கி, ஹாரன் எல்லாவற்றுக்கும் இப்படி ஓர் அளவு உண்டு. எல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு எக்செல் ஷீட்டில், நாளுக்கு ஒரு வரியாக ஏறும். செவ்வாய்க்கிழமை வரியில் பிரேக்குக்கு நாலு என்று இருக்கிறது. அளக்காமலே நாலு என்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள் என்பது கம்பெனியின் குற்றச்சாட்டு.

உள்ளே போனால் பட்டறை முழுக்க ஒரே மௌனம். கிரேன் நடு உத்தரத்தில் நின்றிருந்தது. கீழே தரையில் கறுத்து ஒட்டிப்போன இரும்பை யாரும் இன்னும் பெயர்த்தெடுக்கவில்லை. வேலையாட்கள் வழிவிடாமல் நின்றார்கள்.

"அந்தப் பொண்ணுக்கு வக்காலத்து வாங்க வந்தீங்களா?" என்றான் ஒருவன்.

"வக்காலத்துக்கு நாங்க எம்மாம் கேப்போம்னு தெரியுமா? உன் ஆறு மாச சம்பளம் பத்தாது," என்றான் இம்மானுவேல்.

கேட்டவன் தன் கையிலிருந்த இரும்புக் கரண்டியை மாற்றிப் பிடித்தான். இம்மானுவேல் செண்பகத்தின் பின்னால் போய் நின்றுகொண்டான். வீரம் என்பது இடத்தைப் பொறுத்தது என்பது அவன் கொள்கை.

செண்பகம் அவர்களைப் பார்க்கவேயில்லை. தூணில் மாட்டியிருந்த கம்ப்யூட்டர் திரையின் கீழே குனிந்திருந்தாள். அங்கே முழு கீபோர்டு இல்லை. வெறும் எண்கள் மட்டும் உள்ள சின்னப் பலகை, அதன்மேல் தூசி போகாமல் ஒரு பிளாஸ்டிக் உறை. மவுஸும் இல்லை.

"பெரிய போர்டு எங்கப்பா?"

"எச்.ஆர். புடுங்கினு போயிட்டாரு. கிரிக்கெட் பாக்கறோம்னு," என்றான் கரண்டிக்காரன், வேண்டாவெறுப்பாக. "நம்பரத் தட்டி என்ட்டர் அடிக்கலாம். வேற ஒண்ணும் ஆவாது இதுல."

"வேற ஒண்ணும் ஆவாது," என்று திருப்பிச் சொன்னாள் செண்பகம். அவள் அப்படிச் சொன்னதை இம்மானுவேல் கவனித்தான். மாப்பிள்ளைக்கு இரண்டாவது குடும்பம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும்போது அவள் குரல் இப்படித்தான் தாழும்.

மாடியில் கான்ஃபரன்ஸ் அறை. ஏசி குளிர். எச்.ஆர். மேனேஜர் ஆதிநாராயணன் எழுந்திருக்கக்கூட இல்லை. அவருக்கு ஒருபுறம் ஸ்நேகா, ஆலையின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கிற பெண். மறுபுறம் சரவணகுமார், பராமரிப்பு இன்ஜினியர். கிரேன், மோட்டார், பம்ப் எல்லாம் இவன் பொறுப்பு. சுகிர்தா உள்ளே வந்ததும் அவன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அண்ணன் கஞ்சி குடிச்சாரா அக்கா?"

"ரெண்டு வாய் குடிச்சாரு தம்பி," என்றாள் சுகிர்தா. இம்மானுவேலிடம் திரும்பி, "தெனம் வார்டுக்கு வர்றது இந்தத் தம்பி ஒண்ணுதான். வேற ஒரு நாதி எட்டிப் பாக்கல," என்றாள்.

ஆதிநாராயணன் கைக்கடிகாரத்தைத் தட்டினார். "அடிபட்டவரோட மனைவி கேட்டாங்கன்னுதான் உங்களை உள்ளே விட்டேன். சீக்கிரம் முடிச்சுக்கங்க. விசாரணையே முடிஞ்சுபோச்சு. அந்தப் பொண்ணே ஒத்துக்கிட்டா."

"இன்னான்னு ஒத்துக்கினா?"

"நாலுதான்னு. அப்புறம் என்ன நினைச்சாளோ, பதினொண்ணுன்னு மாத்திப் பேசறா. பதினொண்ணுன்னு தெரிஞ்சா மறுநாள் காலையில எதுக்குத் தூக்கினா? சொல்லுங்க. குழந்தைகூட கேக்கும் இந்தக் கேள்வியை."

அது இம்மானுவேலையும் குடைந்த கேள்விதான். அவன் செண்பகத்தைப் பார்த்தான். அவள் மேஜை மேலிருந்த லேப்டாப் திரையில் அந்த எக்செல் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஷீட்டை யாராச்சும் மாத்தியிருக்கலாம் இல்லியா சார்?"

ஆதிநாராயணன் இதற்காகவே காத்திருந்தவர் போலச் சிரித்தார். "வாங்க, நீங்களே பாருங்க. இது புரொடெக்டட் ஷீட். பாஸ்வேர்டு போட்டது." லேப்டாப்பை இழுத்து, செவ்வாய்க்கிழமை வரியில் அந்த நாலின் மேல் கர்சரை வைத்து ஒன்பதைத் தட்டினார். டங் என்று ஒரு பெட்டி குதித்தது: இந்தக் கட்டம் பூட்டப்பட்டிருக்கிறது, மாற்ற முடியாது. "பாத்தீங்களா? என்னாலயே முடியாது. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் உங்களுக்கு?"

சுகிர்தா பெருமூச்சு விட்டாள். சரவணகுமார் தலையாட்டினான்.

"நல்ல பூட்டு," என்றாள் செண்பகம். "நான் ஒரு தடவை தட்டிப் பாக்கட்டுமா?"

"தாராளமா. விரல்தான் வலிக்கும்."

செண்பகம் நாலைத் தொடவில்லை. அதற்கு மேல் வரிக்கு, திங்கட்கிழமைக்குப் போனாள். அங்கேயிருந்த மூன்றின் மேல் ஒன்பது என்று அடித்தாள். மூன்று போய் ஒன்பது வந்து உட்கார்ந்துகொண்டது. டங் இல்லை. பெட்டி இல்லை. ஞாயிறு, சனி என்று மேலே போய் அடித்தாள். எல்லாம் மாறின. கீழே வரப்போகிற நாட்களின் காலிக் கட்டங்களில் அடித்தாள். அவையும் வாங்கிக்கொண்டன. அடித்ததையெல்லாம் பழையபடி திருத்தி வைத்தாள்.

"தெருவுல எல்லா ஊடும் தொறந்து கெடக்குது," என்றாள். "ஒரே ஒரு ஊடு மட்டும் பூட்டியிருக்குது. அந்த ஊட்லதான் கொலை நடந்ததுன்னு சொல்றீங்க. பூமிகா நம்பர் தட்டணும்னா இந்தக் கட்டம் தொறந்திருக்கணும் இல்லியா சார்? அவ தட்டிட்டுப் போன பின்னாடி பூட்டுனது யாரு?"

 ஆதிநாராயணனின் சிரிப்பு எங்கே போனது என்று இம்மானுவேல் மேஜைக்கடியில் குனிந்து பார்த்தான்.

"தேடாத," என்றாள் செண்பகம் திரும்பாமலே.

மேனேஜர் ஸ்நேகாவிடம் திரும்பினார். குரல் மாறிவிட்டது. "பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட மட்டும்தான் சார்."

"அப்ப பூட்டினது?"

"நான் இல்ல சார். மாச ஆரம்பத்துல நம்பர் போடற கட்டத்தையெல்லாம் பூட்டு எடுத்துடுவேன், தலைப்பு, தேதி எல்லாம் பூட்டியிருக்கும். மாசம் முடிஞ்சதும் முழுசாப் பூட்டி, அந்த ஃபைல மெயின்டெனன்ஸுக்கு அனுப்பிடுவேன். நடுவுல நான் தொடறதேயில்ல."

"சாவி உன்கிட்ட. பூட்டு தொங்குது. நீ தொடலையா?"

"அந்தப் பொண்ணும் நீங்களும் ஒரே பஸ்லதான வர்றீங்க ஸ்நேகா," என்றான் சரவணகுமார் மெதுவாக. "அவளுக்காக ஏதாவது பண்ணப் போயி..."

"வாய அடக்குங்க சார்," என்றாள் ஸ்நேகா. 

சுகிர்தா இருந்த இடத்திலிருந்தே அவளைச் சபிக்க ஆரம்பித்தாள். அதுவரை பூமிகாவுக்குக் கிடைத்தது எல்லாம் இப்போது இவளுக்கும் பங்கு வந்தது. இம்மானுவேலுக்கே பாவமாகிவிட்டது.

"சண்டைய அப்புறம் வச்சிக்கலாம்," என்றாள் செண்பகம். "எனக்குக் கம்ப்யூட்டர் அரைகுறை. யார் கை எப்பிடி வேலை செய்யுதுன்னு பாத்தாத்தான் புரியும். ஸ்நேகா, இந்த ஷீட்டுக்கு ஒரு நகல் எடு. நெசத்தத் தொட வேணாம். போன மாச ஃபைலையும் தொற. அதுல கடைசி நாள் வரி இருக்குது பாரு, அத இந்த நகல்ல காலியா இருக்கற வரில ஏத்தணும். ஆளுக்கு ஒரு வரி. மூணு பேரும்."

"இது என்ன பள்ளிக்கூடமா?" என்றார் ஆதிநாராயணன்.

"முட்டை போட மாட்டேன் சார், பயப்படாதீங்க."

ஸ்நேகா முதலில். பழைய ஃபைலைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகத் தட்டினாள், கோபத்தில் விசைகள் நொறுங்கின. அடுத்து மேனேஜர், ஒற்றை ஆள்காட்டி விரலால், கோழி தானியம் பொறுக்குவதுபோல. கடைசியில் சரவணகுமார். அவனுக்குக் கண் சிமிட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. பழைய வரியின் எண்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இழுத்தான், காப்பி, இங்கே வந்தான், பேஸ்ட். முடிந்தது. ஆடிட் சமயத்தில் பழைய மாத வரிகளைப் புது மாதத்தில் ஒட்டி ஒட்டிப் பழகிய கை அது. அந்தப் பேட்டையில் முக்கால்வாசி ஆலைகளில் அந்தக் கைக்குப் பெயரே வேலை தெரிஞ்ச கை என்பதுதான்.

"சபாஷ்," என்றாள் செண்பகம். "இப்ப அவங்கவங்க வரில மொத நம்பர அஞ்சுன்னு மாத்துங்க."

ஸ்நேகா மாற்றினாள். மேனேஜர் மாற்றினார். சரவணகுமார் ஐந்தைத் தட்டினான்.

டங்.

மறுபடி தட்டினான். டங். உச்சுக்கொட்டினான். "சே, இங்கயும் இதே அடம்தானா."

"இங்கயுமா?" என்றாள் செண்பகம். "வேற எங்க அடம் புடிச்சிது, தம்பி?"

அவன் விரல் விசையின் மேலேயே நின்றுவிட்டது. 

செண்பகம் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "போன மாசம் எங்க ஆபீஸ்ல இந்த மேதை ஒரு வேலை பண்ணான்," என்று இம்மானுவேலைக் காட்டினாள். "முடிஞ்ச கேஸ் ஷீட்ட நான் பூட்டி வச்சிருந்தேன். அதுலேருந்து ஒரு மாப்பிள்ளையோட அட்ரஸ எடுத்து புது ஷீட்ல ஒட்டிட்டான். அப்புறம் மாத்த முடியல. அரை நாள் பேஜாரு. ஏன்னா தட்டுனா நம்பர் மட்டும்தான் உள்ள போவும். ஒட்டுனா அந்தக் கட்டமே வரும், நெறம், கோடு, பூட்டு எல்லாத்தோடயும். ஒரு ஊட்டுக் கதவப் பேத்து இன்னொரு ஊட்ல மாட்டுனா, பூட்டும் கூடத்தான தொங்கும்? அதுக்குப் பாஸ்வேர்டு வேணாம். சாவியும் வேணாம்."

"அரை நாள் இல்ல அக்கா, ஒரு மணி நேரம்தான்," என்றான் இம்மானுவேல். யாரும் கேட்கவில்லை.

"கீழ இருக்கற பலகைல நம்பரத் தவிர ஒண்ணுமில்ல. பூமிகா நினைச்சாக்கூட ஒட்ட முடியாது. செவ்வாக்கிழமை வரி முழுசும் தட்டிப் பாருங்க, பூட்டியிருக்கும், பிரேக் மட்டுமில்ல, ஹாரன் வரைக்கும். முடிஞ்ச மாசத்துலேருந்து நல்ல வரியா ஒண்ண எடுத்து அவ போட்டது மேல யாரோ ஒட்டிட்டாங்க. முடிஞ்ச மாச ஃபைல் எங்க போவுதுன்னு ஸ்நேகா சொல்லிடுச்சு. அப்பிடியே இருந்தா பழைய வரின்னு தெரிஞ்சிடும்னு ஒரு நம்பர மட்டும் மாத்தப் பாத்திருப்ப. அடம் புடிச்சிது. இல்ல?"

சரவணகுமார் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் சுவரில் இருந்த பாதுகாப்பு வார போஸ்டரைப் பார்த்தார்.

"பிரேக்குக்குப் புது லைனிங் வர்றதுக்கு ரெண்டு நாள் ஆகும்னாங்க," என்றான். "லாரி நிக்குது, புதன்கிழமை வார்ப்பு முடிஞ்சே ஆகணும்னு மேல இருந்து... பதினொண்ணுன்னு இருந்தா கிரேன நிறுத்தணும். ஒரு நாள்தான, தாங்கும்னு நினைச்சேன்."

"மேல இருந்துன்னா யாரு?" என்றான் இம்மானுவேல்.

"மிஸ்டர் சரவணகுமார், நீங்க எதுவும் பேச வேண்டாம்," என்றார் ஆதிநாராயணன். பதில் அதிலேயே பாதி இருந்தது.

அப்போதுதான் இம்மானுவேலுக்கு உறைத்தது. அவன் இவ்வளவு நேரம் நினைத்தது வேறு. விபத்து நடந்த பிறகு, தப்பிக்க யாரோ எண்ணை மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தான். இல்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரியே மாற்றியாகிவிட்டது. அப்படியானால் புதன்கிழமை காலை பூமிகா வந்து பார்த்தபோது...

சுகிர்தாவும் அதே இடத்துக்கு வந்துசேர்ந்திருந்தாள். அவள் சரவணகுமாரை அடிக்கவில்லை, திட்டவில்லை. தீக்காய வார்டில் தினமும் பக்கத்தில் வந்து நின்ற அந்த முகத்தை, அடையாளம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல ஒருதரம் பார்த்தாள். எழுந்து கதவைத் திறந்துகொண்டு படியிறங்கினாள். இம்மானுவேல் பின்னாலேயே ஓடினான்.

வாசலில் ஜீப் வந்து நின்றிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் தேசப்பன் காவலாளி அறை வாசலில் நின்று பூமிகாவை எழுந்திருக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சுகிர்தா நடுவில் புகுந்தாள்.

"காலைல வந்து இன்னாடி பாத்த?"

பூமிகா பெஞ்சிலிருந்து எழுந்தாள். இன்னொரு சண்டைக்குத் தயாராகத் தோளை விறைத்தாள்.

"கேக்கறேன் இல்ல. பதினொண்ணு போட்டுட்டுப் போன. காலைல வந்து அந்த டப்பாவுல இன்னா பாத்த?"

"நாலு," என்றாள் பூமிகா. "ராத்திரி லைனிங் மாத்திட்டு, அளந்து போட்டிருக்காங்கன்னு நம்பினேன். அதான் தூக்கினேன். 'நாலுன்னு இருந்துச்சு, அதான் தூக்கினேன்'னு விசாரணைல சொன்னேன். பாத்தீங்களா, நாலுன்னு ஒத்துக்கினான்னு எழுதிக்கினாங்க. அப்புறம் நான் எதுக்குப் பேசணும்?"

தேசப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இவளத்தான கூட்டிப்போகச் சொன்னாங்க?" என்றார்.

"ஆளு மாடில இருக்கான் சார்," என்றான் இம்மானுவேல். "ஒருத்தன் இல்ல, ஒண்ணரை ஆளு. எங்கக்கா பக்கத்துல உக்காந்து காவல் காக்குது. ஏசி வேற இருக்குது, போங்க."

அவர் போனார். காவலாளி தன் குச்சியைச் சுவரில் சாத்திவிட்டு எங்கோ பார்த்தான்.

சுகிர்தா அந்தப் பெண்ணை மேலும் கீழும் அளந்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று இம்மானுவேல் எதிர்பார்த்தான். அவள் கேட்கவில்லை. முகத்தில் ஒரு மடிப்பும் இளகவில்லை.

"உன் மூஞ்சியப் பாக்கறதுக்கு எனக்கு இன்னும் ஆவல," என்றாள். "ஆனா அந்தாளு கண்ணு முழிக்கறப்பல்லாம் ஒண்ணுதான் கேக்குது. அந்தப் பொண்ணு ஏன் தூக்குச்சு, நல்லா ஓட்டற பொண்ணாச்சேன்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. நான் சொன்னா நம்பவும் மாட்டாரு." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "ரயிலு வர்ற நேரம். என் பின்னாடி வா, பக்கத்துல வராத. வந்து நீயே உன் வாயால சொல்லு."

அவள் திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். பூமிகா செருப்பை மாட்டிக்கொண்டு, கொஞ்சம் தள்ளியே, பின்னால் நடந்தாள்.